மருந்து வைத்த பூ

ஆறாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். ஆனாலும் விமானம் மாறி விமானம் ஏறி, நடுக்கடலில் கிடக்கும் சமோவா தீவின் காய்கறிச் சந்தையில் நின்று, சேப்பங்கிழங்கை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். சென்னீர்குப்பத்தில் வேறு யாராவது பார்த்திருந்தால் வந்து சொல்லட்டும்.

நியூசிலாந்தில் இருக்கும் மகள்தான் அழைத்துப் போனாள். கடற்கரைக்குப் போகலாம் என்றாள். தண்ணீரை நம்ம ஊரிலேயே பார்த்துக்கொள்கிறேன், சந்தையைக் காட்டு என்றேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிற கல்யாண மண்டபங்களில் பாதிக்கு என் கடையிலிருந்துதான் காய் போகிறது. சந்தை பார்க்காமல் திரும்பினால் எனக்கு என்ன மரியாதை? அங்கே ஆண்கள் கைலி மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு வாழைத்தார் சுமக்கிறார்கள். தேங்காய்க் குவியல், ஓலைக் கூடை, மீன் வாடை, கூச்சல். பாஷைதான் வேறு. இடித்துக்கொண்டு போவதெல்லாம் நம்மைப் போலத்தான்.

கிழங்கு விற்ற பெண்ணுக்கு என் வயசு இருக்கும். நான் கிழங்கு பொறுக்கிய விதத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஒரு வெள்ளைப் பூவை எடுத்து என் காதோரம் செருக வந்தாள். என் கை தானாக எழுந்து அவள் கையைத் தட்டிவிட்டது. பூ தரையில் விழுந்தது. அவள் முகம் சுருங்கிப்போனது.

மகள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கத்துத் தீவுகளில் பெண்கள் வலது காதில் பூ வைத்தால் இன்னும் ஆள் அமையவில்லை என்று அர்த்தமாம், இடது காதில் வைத்தால் அமைந்துவிட்டது என்று அர்த்தமாம். பூவில் இப்படியும் ஒரு பேச்சு உண்டு, இதற்குப் போய் எதுக்கும்மா பயந்தே என்றாள். நான் கீழே கிடந்த பூவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் மூன்றாம் வகுப்பு. அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அக்கா பத்தாவது முடித்து டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஊர் முழுக்க அப்போது பிள்ளை பிடிக்கிறவர்கள் பற்றித்தான் பேச்சு. கோணிப்பையில் போட்டுக் கட்டி எடுத்துப் போய்விடுவார்கள், எங்கோ பாலம் கட்டப் பலி கொடுப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். நான் வாசலுக்குத் தனியாகப் போவதைக்கூட விட்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மூன்று பேரும் பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் போகிறோம் என்றாள் அம்மா. அக்கா எனக்குப் பின்னல் போட உட்கார்ந்தாள். அம்மா அடுப்படிக்குள் போனதும் என் காதருகே குனிந்தாள்.

"டீ, நல்லா கேட்டுக்க. மார்க்கெட்ல ஒரு அம்மா நம்ம பின்னாலயே வந்துகினு இருப்பாங்க. சிரிச்சி சிரிச்சிப் பேசுவாங்க. அப்பால என் தலைல பூ வெக்க வருவாங்க. அந்தப் பூல மயக்க மருந்து கீது. வெச்சிட்டாங்கன்னா நான் அவங்க பின்னாடியே பூடுவேன். இந்த ஊட்டுக்கே வர மாட்டேன்."

அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டேன். சொன்னால் இன்றைக்கே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றாள். அவள் கை என் பின்னலை இறுக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்தது.

மார்க்கெட்டில் எல்லாமே தப்பாக நடந்தது. காய் வாங்கப் போகிற அக்காவுக்கு அம்மா நல்ல நாளில் கட்டும் சேலையைக் கட்டிவிட்டு, தலையில் பூவும் வைத்துவிட்டிருந்தாள். கத்தரிக்காய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிற அம்மா, அன்று கேட்டதைக் கொடுத்தாள். கடைக்காரன் சொத்தைக் காயைச் சேர்த்துப் போட்டதைக்கூடப் பார்க்கவில்லை. பூக்கடை வாசலைத் தாண்டுவோம், கீரைக்காரிகள் பக்கம் ஒரு சுற்று சுற்றுவோம், மறுபடி அதே பூக்கடை. கூலிக்காரர்கள் "ஓரம், ஓரம்" என்று மூட்டையோடு ஓடினார்கள். ஒவ்வொரு கோணிப்பையும் உள்ளே ஏதோ அசைகிற மாதிரியே இருந்தது எனக்கு. அக்காவின் விரலை விடவில்லை.

அந்த அம்மா வந்துவிட்டாள். கிளிப்பச்சைப் பட்டு, இரண்டு பக்கமும் மூக்குத்தி, கையில் குடை. நாங்கள் நின்றால் நின்றாள், நடந்தால் நடந்தாள். கொஞ்சம் தள்ளி, வாழைமண்டி வாசலில் மீசை வைத்த ஒருவர். வாழைத்தார் வாங்க வந்தவன் தாரின் காம்பைப் பார்ப்பான். அவர் அக்காவைப் பார்த்தார்.

நான்காவதோ ஐந்தாவதோ சுற்றில் அந்த அம்மா எதிரே வந்து நின்று, தற்செயலாகப் பார்த்தவள் போல எங்கள் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள். ஊர் கேட்டாள், அக்காவின் படிப்பு கேட்டாள். சிரித்துச் சிரித்துத்தான் பேசினாள். அம்மாவும் சிரித்தாள். ஐயோ, அம்மாவையே மயக்கிவிட்டாளே என்று நினைத்தேன். பூக்கடை பாயிடம் அவள் இரண்டு முழம் மல்லிகை கேட்க, பாய் அளந்து கொடுத்தார். சரத்தை மடித்துக்கொண்டு, "திரும்பும்மா" என்றாள்.

அக்கா திரும்பவில்லை. குனிந்து என்னைப் பார்த்தாள்.

எட்டு வயதிலேயே எனக்கு இருந்த தைரியம் இப்போதைய ஆம்பிளைகளுக்கு இல்லை. எட்டிக் குதித்துப் பூவைப் பிடுங்கிக் கீரைக்காரி ஊற்றிய சேற்றுத் தண்ணீரில் வீசினேன். அந்த அம்மாவின் கையில் பல் பதியக் கடித்தேன்.

"எங்க அக்காவ உடு. நீ புள்ள புடிக்கிறவ."

அந்தச் சொல் போதும் அன்றைக்கு. மூட்டையைப் போட்டுவிட்டுக் கூலிக்காரர்கள் வந்தார்கள். கீரைக்காரிகள் எழுந்தார்கள். ஒருவன் அவள் குடையைப் பிடுங்கினான். மீசைக்காரர் ஓடிவந்து நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். பாய்தான் கடையை விட்டு இறங்கி, கூட்டத்தைத் தள்ளினார்.

"யோவ், கண்ணு தெர்ல? பொண்ணுக்குப் பூ வெக்க வந்தவங்கய்யா. கொழந்த எதையோ பாத்து பயந்துகீது. போய் ஜோலியப் பாருங்க."

கூட்டம் விலகியது. அந்த அம்மா சேற்றில் கிடந்த சரத்தைப் பார்த்தாள்.

"பூவு மண்ணுல வுழுந்துட்ச்சி. இனிமே இதப் பத்தி பேச வேணாம்மா," என்றாள் எங்கள் அம்மாவிடம். மீசைக்கார மகனை இழுத்துக்கொண்டு பஸ் நிலையத்தின் பக்கம் நடந்தாள். குடையைக்கூடத் திருப்பி வாங்கவில்லை.

அம்மா என் முதுகில் வைத்த அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது அடி அக்காவின் கையில் விழுந்தது. குறுக்கே நீட்டியிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் தெருவே பேசும் என்று, மார்க்கெட்டில் தற்செயலாகப் பார்ப்பது போலப் பார்க்க வைத்திருக்கிறார்கள், பிடித்துப்போனால் அங்கேயே பூவும் வைத்துவிடுவது என்று. இது எனக்கே கல்யாணப் பேச்சு வந்தபோது தெரிந்தது. பாவம், அக்காவிடமும் சொல்லாமல் கூட்டிப் போயிருக்கிறார்கள், அவளும் பயந்துபோய்த்தான் அப்படிச் சொன்னாள் என்று நினைத்திருந்தேன். அவள் டைப்ரைட்டிங் பரீட்சை எழுதி, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்ட பிறகும் நினைத்திருந்தேன். முப்பது வருட வியாபாரத்தில் என்னை ஒருவனும் ஏமாற்றியதில்லை.

சமோவாவிலிருந்தே அக்காவுக்குப் போன் போட்டு, பூ வைக்கத்தான் வருகிறார்கள் என்று தெரிந்தேதான் என்னிடம் அப்படிச் சொன்னாயா என்று கேட்டேன். "மாப்ள வூட்டுக்காரங்க அன்னிக்கி அடி வாங்கிருந்தா நான் செத்துருப்பேன்டி," என்றாள்.

அன்று திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அக்கா என்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது என் முதுகில் தெரிந்தது. சென்னீர்குப்பம் வருவதற்குள், காலையில் அம்மா வைத்துவிட்ட பூவைத் தன் தலையிலிருந்து எடுத்து என் பின்னலில் செருகினாள்.

இதிலும் மருந்து இருக்குமோ என்று, வீடு வரும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டே வந்தேன்.