மேற்குக் கரைக்கு ஒரு ரயில்

குளியலறைத் தட்டில் அந்த மருந்துச் சவர்க்காரம் இன்னும் அரைப் போத்தல் இருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் குளிக்கச் சொல்லி என் கணவருக்குக் கொடுத்தது. அவர் இல்லை; மணம் இருக்கிறது. மூடியைத் திறந்தால் போதும், புருசெத் நிலையத்தில் நாங்கள் ரயில் ஏறிய அந்தத் தை மாதக் காலை வந்து என் தோளை உரசிக்கொண்டு நிற்கும்.

அன்று அவருடைய இதயத்தைத் திறக்கப்போகிறார்கள். எனக்கோ அடுத்த கிழமை வரலாற்றுச் சோதினை. விட்ட படிப்பை ஐம்பது வயதில் முடிக்கும் பிடிவாதம். கிரேக்கம், எகிப்து. சொற்களைச் சின்ன மட்டைகளில் எழுதி வைத்திருந்தேன். பயத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் அவற்றை வாங்கி, வழி முழுக்க என்னைக் கேள்வி கேட்டார். கழிமுகம். வண்டல். நகர அரசு. குடாநாடு வந்ததும், இதையும் பாடமாக்க வேணுமோ, நாங்கள் பிறந்ததே அதிலைதானே என்று நக்கலடித்தார்.

அடுத்தது மேற்குக் கரை. நைல் நதிக்குக் கிழக்கே உயிருள்ளவர்கள் குடியிருந்தார்கள், இறந்தவர்களை ஆறு கடந்து மேற்கே கொண்டுபோனார்கள் என்று ஒப்புவித்தேன். ஒப்புவித்த பிறகுதான் உறைத்தது. எங்கள் வீடு ஒஸ்லோவின் கிழக்கு. ஆஸ்பத்திரி மேற்கு.

நகர மையத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஏறியவர்கள் கண் மட்டும் தெரியச் சால்வை சுற்றியிருந்தார்கள். ஒருவரும் கதைக்கவில்லை. சுரங்கத்தின் கறுப்புக் கண்ணாடியில் அவரைத் தேடினேன். அவருடைய இருக்கையில் ஒரு ஜாக்கெட் மட்டும் தெரிந்தது. திரும்பினேன். இருந்தார்.

நான் கைப்பைக்குள் ஒளித்த மட்டையையும் எடுத்துவிட்டார். உடலைப் பதப்படுத்தும்போது மூளையை இழுத்து எறிவார்கள், இதயத்தை மட்டும் உள்ளேயே விடுவார்கள், மறுவுலகம் போனதும் பாவபுண்ணியம் பார்க்க அதை நிறுக்க வேண்டுமே. இரண்டுதரம் வாசித்தார்.

"என்ரை பாரமாத்தான் இருக்கும்," என்றார்.

சத்திரசிகிச்சைக் கூடத்துக் கதவடியில், கட்டிலில் கிடந்தபடி மோதிரத்தைக் கழற்றித் தந்தார். விரலில் வெள்ளையாய் ஒரு வளையம். இதற்குமேல் வரக்கூடாது என்றாள் தாதி. எனக்கு வாய் தடுமாறியது. எங்கள் ஆட்கள் வாசலில் ஒருபோதும் சொல்லாததை, பிள்ளைகளைக்கூடச் சொல்லவிடாததை, சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் போறன்."

கட்டிலை நிறுத்தச் சொன்னார். தலையை உயர்த்தினார். அவர் முகத்தில் பயத்தை அன்றுதான் கண்டேன்.

"போறன் எண்டு சொல்லாதை. போட்டு வாறன் எண்டு சொல்லு."

"போட்டு வாறன்."

"ஓம். வா."