இரண்டாம் பிரதிவாதி வேலுசாமி

சாமான் விற்றுச் சம்பளம் வாங்குகிறவர்களைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் சாமானை விற்கவிடாமல் நிறுத்திச் சம்பளம் வாங்குகிறவன். ஹூஸ்டன் பக்கத்தில் மெஷின் செய்யும் கம்பெனி ஒன்றில் ஏற்றுமதி விதிகளைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். அமெரிக்கா எந்த நாட்டோடு கோபித்துக்கொள்கிறதோ, அந்த நாட்டுக்குப் போகவேண்டிய பெட்டியை நான் குடோனிலேயே நிறுத்திவைக்க வேண்டும். அப்புறம் அங்கேயிருந்து வருகிற வசவையும் நானே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். முதலாளி போட்ட உத்தரவுக்கு முகம் கொடுக்கிற வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடு சொல்லாமலே புரியும்.

கடைசிப் பேர்

என் பேர் சிவக்குமார். அப்பா பேர் வேலுசாமி. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அமெரிக்காவில் வந்து இறங்கியதும் அதுவே என் குடும்பப் பேராகிவிட்டது. ஆபீசில் நான் மிஸ்டர் வேலுசாமி. கொஞ்சம் பழகினவர்களுக்கு வெறும் வேலு. எங்கள் வீட்டில் அம்மாகூட அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு ஆளாளுக்கு "வேலு, வேலு" என்கிறார்கள். எனக்குக் கூசும்.

மேனேஜர் கேரல் நல்ல பெண்மணி. அவரிடம் ஒருநாள் பொறுமையாக விளக்கினேன். அப்பாவுக்குத் தாத்தா பேர் இனிஷியல், எனக்கு அப்பா பேர், என் பையனுக்கு என் பேர் என்று. அவர் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. "அப்படின்னா உங்க குடும்பத்துல யாருக்குமே குடும்பப் பேர் இல்லையா? சாரி, வேலு."

ஸ்வீட் சாப்பிட்ட வார இறுதி

இந்தியா அணுகுண்டு வெடித்துப் பார்த்த வருஷம் அது. வெடித்த வார இறுதியில், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் ஒரு நண்பர் வீட்டில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்து. மைசூர்பாகு தட்டு மூன்று தரம் என் பக்கம் வந்தது, மூன்று தரமும் எடுத்துக்கொண்டேன். எல்லோர் முகத்திலும் ஒரு பெருமை, எனக்கும்தான். அமெரிக்கா இந்தியாமேல் தடை போட்டது. எந்தெந்த இடத்துக்கு எது போகக்கூடாது என்று பட்டியல் வந்தது. அதைப் பார்த்துப் பெட்டிகளை நிறுத்தியவன், மைசூர்பாகு தின்ற அதே நான்.

விஷயம் தெரிந்து, அடுத்த பாட்லக்கில் ராமநாதன் அங்கிள் என்னைச் சமையலறைப் பக்கம் ஒதுக்கினார். இதய டாக்டர், கோபமே வராதவர். பேப்பர் தட்டில் இருந்த புளியோதரையைக் கிளறிக்கொண்டே கேட்டார்: "நீ decent பையன், ஒத்துக்கறேன். ஆனா வேலை பண்றப்போ நீ எந்த ஊர்க்காரன்னு உனக்கே confuse ஆகாதா?"

எந்த ஊருங்க தம்பி?

நிறுத்திய பெட்டிகளில் ஒன்று கோயம்புத்தூருக்குப் போகவேண்டியது. பழனிச்சாமி என்பவர் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தார். எங்களிடம் வாங்கிய சி.என்.சி. மெஷின் ஒன்றுதான் அவருக்கு எல்லாமே. அதன் கன்ட்ரோல் கார்டு கெட்டுப்போய்விட்டது. புது கார்டு பெட்டியில் தயாராக இருந்தது. ஆனால் அவர் செய்யும் பாகங்களில் கொஞ்சம் ஓர் அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகும், அந்தக் கூடத்தின் பேர் பட்டியலில் இருந்தது. "அனுப்ப இயலாது" என்று கடிதம் போட்டு, கீழே வேலுசாமி என்று கையெழுத்திட்டேன்.

அவர் போன் செய்தார். பேரைக் கேட்டதும் நம்மவன் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் ஊர் கேட்காமல் பேச்சு நகருமா? உடுமலைப்பேட்டைங்க என்றேன். எந்த வீதி, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். டிராயிங் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆயிட்டாருங்க என்றேன். பெண் பார்க்க வந்தவர்போல எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் மெஷினுக்கு வந்தார். துணி போர்த்தி நிறுத்தியிருக்கிறாராம், ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களாம். சட்டம்ங்க, என் கையில் ஒன்றும் இல்லைங்க என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "சட்டம் உங்க ஊர்ல இருக்குதுங்க தம்பி, மெஷின் எங்க ஊர்ல நிக்குது. அப்ப நான் எங்க ஊர் கோர்ட்லதானுங்களே போய்க் கேக்கோணும்?"

வக்கீல் சொன்ன நல்ல செய்தி

கேட்டேவிட்டார். கோயம்புத்தூர் கோர்ட்டில் கம்பெனிமேல் வழக்கு. எங்கள் வக்கீல் டேவிட் இதற்கெல்லாம் அசரவில்லை. வாஷிங்டனில் ஒரு சட்டம் கொண்டுவரப் பேச்சு நடக்கிறது என்றார். தடை உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து சாமானை நிறுத்திய கம்பெனியை வெளிநாட்டுக் கோர்ட் எதுவும் தொட முடியாது, தீர்ப்பு வந்தாலும் இங்கே செல்லாது. அதுவரை நாம் அந்தக் கோர்ட் பக்கம் தலைவைக்கக் கூடாது, போனால் அதன் அதிகாரத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும். முக்கியமாக, வேலு அந்தக் கஸ்டமரோடு பேசவே கூடாது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தாள். கோர்ட் அமீனா வீட்டுக்கு சம்மன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனானாம். முதல் பிரதிவாதி எங்கள் கம்பெனி. இரண்டாம் பிரதிவாதி வேலுசாமி, ஏற்றுமதி அதிகாரி, உடுமலைப்பேட்டை. அமெரிக்காவுக்குச் சம்மன் அனுப்பினால் எப்போது போய்ச் சேருமோ என்று பழனிச்சாமியின் வக்கீல் நான் சொன்ன ஊருக்கே அனுப்பிவிட்டார். அமீனா "வேலுசாமி யாருங்க?" என்று கேட்டிருக்கிறான். அப்பா "நான்தான்" என்று வாங்கிக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட மிதிக்காத மனுஷன். வீதியே வேடிக்கை பார்த்ததாம்.

மறுநாள் டேவிட்டிடம் ஓடினேன். அப்பாவுக்காக ஒரு வக்கீலை அனுப்பலாமே என்று கெஞ்சினேன். நம் பக்கத்து ஆள் யாரும் அங்கே நிற்கக் கூடாது என்றார். பழனிச்சாமியை நானே கூப்பிட்டு, அது என் அப்பா பேர் என்று சொன்னால் ஒரு நிமிஷத்தில் முடிகிற விஷயம். ஆனால் என் கிரீன் கார்டு கம்பெனி கையில் இருந்தது. பயந்தேன், கூப்பிடவில்லை. அந்தப் புதுச் சட்டம் வந்தால் அப்பாவுக்கும் பொருந்துமா என்று மட்டும் கேட்டேன். டேவிட் யோசித்துப் பார்த்துத்தான் சொன்னார். "அது கம்பெனிகளுக்கு, வேலு. உங்க அப்பா கம்பெனி இல்லையே."

கூப்பிட்ட குரலுக்கு

அப்பாவிடம், கோர்ட்டுக்குப் போகாதீர்கள் என்றேன். பேர்க் குழப்பம், நீங்கள் போகாவிட்டால் ஒன்றும் ஆகாது, எங்கள் கம்பெனியே போகப்போவதில்லை என்றேன். அப்பா கடைசி வரை கேட்டுக்கொண்டார். "உங்க கம்பெனி போவுதோ என்னமோ, பேர் சொல்லிக் கூப்பிட்டா நான் போகோணும்டா."

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பஸ் ஏறிப் போனார். வெளிநாட்டுக் கம்பெனியின் பேரை மூன்று தரம் கூப்பிட்டார்களாம், யாரும் வரவில்லை. அப்புறம் வேலுசாமி என்றதும் அப்பா போய் நின்றார். கையெழுத்து உங்களுடையதா என்று நீதிபதி கேட்டார். "கையெழுத்து பையனோடதுங்க, பேர் என்னோடதுங்க" என்றார் அப்பா. கோர்ட்டே சிரித்தது. பழனிச்சாமி சிரிக்கவில்லை. அப்பாவின் பேரை அன்றைக்கே வழக்கிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் அப்பாவை டிபனுக்குக் கூட்டிப்போய், அப்படியே பட்டறைக்கும் கூட்டிப்போனாராம். துணியை விலக்கி மெஷினைக் காட்டினார். அப்பாவுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்? மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பையன் சார்பில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதற்குப் பழனிச்சாமி சொன்னதை அப்பா போனில் எனக்கு அப்படியே சொன்னார்: "நீங்க எதுக்குங்க மன்னிப்புக் கேக்கறீங்க? சம்பந்தப்பட்டவங்க ஒருத்தரும் வரலீங்க. சம்பந்தமே இல்லாத நீங்க ஒருத்தர்தானுங்க வந்து பதில் சொன்னீங்க."

ஆபீசில் இப்போதும் யாராவது மிஸ்டர் வேலுசாமி என்று கூப்பிட்டால், கூப்பிட்டதும் போய் நின்ற வேலுசாமி நானில்லை என்று வாய்வரை வரும். ஆனால் சம்பளம் அந்தப் பேருக்குத்தான் வருகிறது.