மதில் விழுந்த மடம்

முதுநகர்க் கன்னியர் மடம் காலியாகிவிட்டது என்ற செய்தி, 'தானே' புயல் அடித்து ஒரு மாதத்துக்குள் நெல்லிக்குப்பம் வரை போய்விட்டது. சிஸ்டர்களெல்லாம் ராவோடு ராவாகப் பெங்களூர் போய்விட்டார்களாம். இடத்தை இன்ஜினியரிங் காலேஜுக்குப் பேசி முடித்தாயிற்றாம். அந்தச் சிஸ்டர்களுக்காகச் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த வியாகுலமேரியிடமே மீன்காரி புஷ்பவள்ளி இதைச் சொன்னாள்.

"அப்ப இந்த மீனை யாருக்குடி வாங்குறேன், பூனைக்கா?"

வியாகுலமேரி மடத்து வெளிவேலைக்காரி. உள்ளே இருப்பவர்கள் வெளியே வருவதில்லை, வெளியே இருப்பவர்கள் உள்ளே போவதில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அதுதான் சட்டம். அரிசி, பருப்பு, பேச்சு எல்லாம் சுவரில் பதித்த சுழல்பெட்டி வழியாகத்தான்.

புரளிக்கு வேர் எதுவென்று தேடப் போனவளுக்கு மதிலோரமே விடை கிடைத்தது. புயலில் தோட்டத்து மதில் விழுந்து கிடந்தது. அந்தச் சந்தில் ஊரே நின்று எட்டிப் பார்த்தது. ஊர் பார்க்கிறதே என்று சிஸ்டர்கள் தோட்டத்துக்கு வரவில்லை. தோட்டத்தில் ஆளில்லையே என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. காற்று வாங்க இருந்த ஒரே இடமும் போய், கரண்டும் இல்லாமல், பாவம் அத்தனை பேரும் உள்ளே வெந்துகொண்டிருந்தார்கள்.

மதிலை எழுப்பினால் தீர்ந்தது. ஒப்புக்கொண்ட கொத்தனார் சார்லஸோ வரவில்லை. வியாகுலமேரி போன் போட்டாள்.

"விக்கிற எடத்துக்கு எவனாச்சும் செவுரு வைப்பானாக்கா?"

"உள்ள ஆளுங்க இருக்காங்கடா!"

"நீ பாத்தியா?"

வருஷக்கணக்காக மீன் வாங்கிப் போடுகிறாள், ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. ஆத்திரத்தில் நெல்லிக்குப்பத்துக்கே பஸ் ஏறி, அவனை இழுத்துவந்து சுழல்பெட்டி முன்னால் நிறுத்தினாள்.

"யாராச்சும் இருக்கீங்களா?" என்றான் சார்லஸ்.

சத்தமே இல்லை.

"பாத்தியாக்கா?"

"மௌன நேரம்டா பாவி! மணி அடிக்கட்டும், இரு." அவன் நழுவாதபடி வாசலை மறித்துக்கொண்டாள்.

ஒருவழியாக மணி அடித்தது. பெட்டிக்குப் பின்னாலிருந்து மதரின் குரல் வந்தது.

"யாரு, நெல்லிக்குப்பம் சார்லஸா? பொண்ணே அமையல, ஜெபம் பண்ணுங்கன்னு இங்க வந்து அழுதியேப்பா. அமைஞ்சுதா?"

"ஆச்சுங்க மதர். ரெண்டு பசங்க."

"சந்தோஷம். அமைஞ்சா வாழைத்தார் கொண்டாறேன்னியே, அது எங்க?"

மறுநாள் விடியுமுன்பே சித்தாளோடு வந்து நின்றான். மதில் ஆள் உயரம் தாண்டிய அன்று சாயங்காலம், அந்தப் பக்கம் செருப்புச் சத்தமும் சிரிப்பும் கேட்டன. வியாகுலமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

வாழைத்தார் மட்டும் இன்னும் வரவில்லை. கேட்டால், "புயல்ல மரமெல்லாம் சாஞ்சுபோச்சுக்கா" என்கிறான். அவன் கல்யாணம் நடந்து, புயலுக்கு முன்பே நாலு பொங்கல் போய்விட்டது.