ஊற்றடியில் கட்டிய நீலத் துணி

ஜீபார் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்குக்குப் படிக்கப் போனபோது, மாட்டு வைத்தியராகத் திரும்புவாள் என்றுதான் நாரின் மலையோரத்து அந்த ஊர் நம்பியிருந்தது. அவளோ முதுகலை ஆராய்ச்சிக்குக் காட்டு மலையாடுகளின் வாழிடத்தை எடுத்துக்கொண்டு, நான்கு தானியங்கிக் கேமராக்களோடு வந்து இறங்கினாள். படித்தவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊரே பேசியது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மேல் ஊற்றின் பக்கம் ஆட்டுக்கொட்டில் கட்ட மேய்ச்சல் குழு முடிவு செய்திருந்தது. அங்கேதான் மலையாடுகள் குட்டிகளோடு வந்து தண்ணீர் குடிக்கின்றன, கட்டக்கூடாது என்றாள் ஜீபார்.

"ஆதாரத்தைக் காட்டு, கொட்டிலைக் கீழ கட்டிக்கிறோம்" என்றார் குழுத் தலைவர் தொக்தோசுன். ஒரு மாதம் கெடு. அன்றே ஊற்றைச் சுற்றிக் கேமராக்களைப் பொருத்தினாள்.

மாதம் முடிந்து படங்களைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் பத்து நாள் ஆடுகள் கூட்டம் கூட்டமாக வந்திருந்தன. பதினோராம் நாள் குதிரையிலிருந்து ஓர் உருவம் இறங்கி, ஊற்றோரச் செடியில் நீலத் துணியைக் கட்டி, கண்மூடி ஏதோ முணுமுணுத்தது. வேறு யாருமில்லை, அவளைப் பெற்ற புர்மாக்கான்தான். அன்றிலிருந்து இருபது நாளும் அந்தத் துணி மட்டும் காற்றில் படபடத்தது. ஓர் ஆடுகூட இல்லை.

"அம்மா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க!"

"உன் படிப்பு நல்லபடியா முடியணும்னு வேண்டிக் கட்டினேன்டி. அது ஒரு தப்பா?"

"போய் அவுத்துடும்மா."

"வாயைக் கழுவு! பலிக்காத வேண்டுதலை யாராச்சும் அவுப்பாங்களா?"

ஜீபாருக்கு அழுகை முட்டியது. பத்து நாள் படங்களை மட்டும் காட்டித் தப்பித்துவிடலாம். ஆனால் மறைத்து ஜெயிக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆடு வராத படங்களையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அழுகை நின்று தெம்பு வந்தது. முப்பது நாளையும் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள்.

தொக்தோசுன் விழுந்து விழுந்து சிரித்தார். "இருபது நாளா உன் ஆடுங்க என்ன, கல்யாண விருந்துக்குப் போயிருந்துச்சா?"

"ஒரு முழத் துணிக்கே மிரண்டு போச்சுங்க, அண்ணே. நானூறு செம்மறி, நாலு நாய், கொட்டில்னு போய் உக்காந்தா அதுங்க திரும்பி வருமா? நீங்களே சொல்லுங்க."

ஆடு மேய்த்தே வயதான மனிதர் அவர். சிரிப்பு அடங்கியது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"சரி, கொட்டில் கீழயே இருக்கட்டும். ஆனா அந்தத் துணியை யாரு அவுக்கறது? எனக்குத் தைரியம் இல்லப்பா."

பின்வரிசையிலிருந்து புர்மாக்கான் எழுந்தாள்.

"கட்டினவ நான், நானே அவுக்கறேன். அதான் பலிச்சிருச்சே."