இரண்டாம் காது குத்தும் முன்

சின்னராஜ் அண்ணனுக்கு நல்லம்பள்ளியில் ஒரு ஸ்டுடியோ. ஒரு நாற்காலியும் பின்னால் ஒரு நீலத் துணியும் போட்டால் நிறைந்துவிடும் அறை. பாஸ்போர்ட் படம், வளைகாப்பு, காதுகுத்து என்று வருகிற வேலையை எல்லாம் எடுத்துக்கொள்வார். ஊரில் பலருக்குத் தெரியாத இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு. தொப்பூர் கணவாயில் லாரி மோதி ஆள் போய்விட்டால், சில சமயம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து படம் எடுக்க அவரைக் கூப்பிடுவார்கள். வண்டி நின்ற கோணம், டயர் இழுத்த தடம், கிடப்பவரின் முகம். பாஸ்போர்ட் படத்துக்குப் போன ஒருநாள், என் தோளை நேராக்கிக்கொண்டே இதை என்னிடம் சொன்னார்.

அவருடைய கேமரா பெரிய ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருப்பதும் அல்ல, புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்குவதும் அல்ல. நடுத்தரம். அதில் அவருக்குப் பிடித்தது இரண்டு கார்டு போடுகிற வசதி. மற்றவர்கள் ஒரே படம் இரண்டிலும் பதியும்படி வைப்பார்கள். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கும். இவர் அப்படி வைக்கவில்லை. முதல் கார்டு விசேஷத்துக்கு, இரண்டாவது தொப்பூருக்கு.

“ரெண்டும் ஒண்ணுல கலந்துறக் கூடாதுங்க” என்பார். அங்கிருந்து திரும்பினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் அடுத்த வேலை.

போன தை மாதம் என் அக்கா கோகிலவாணியின் மகளுக்கு முனியப்பன் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் என்பதால் பாப்பா என் மடியில் இருந்தாள். புளியமரத்தடியில் வெயில் துண்டு துண்டாக விழுந்திருந்தது. சின்னராஜ் அண்ணன் எதிரே மண்டியிட்டு டயலைத் திருகினார். மொட்டைத் தலையின் சந்தனம் வெளுத்துப் போகாதபடி முகத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்க வைத்தார். பாப்பா தலையை ஆட்டுவாள் என்று ஷட்டர் வேகத்தைக் கூட்டி, நிழலில் படம் இருண்டுவிடாதபடி ஐஎஸ்ஓவையும் ஏற்றினார். பட்டனை அழுத்திப் பிடித்தால் வரிசையாகப் படம் விழும்படி மாற்றிக்கொண்டார்.

“மாமங்காரரே, கொஞ்சம் நிமுருங்க. உங்க நெழலு பாப்பா மூஞ்சில வுழுது.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆசாரி முதல் காதைக் குத்தினார். கேமரா படபடவென்று அடித்தது. பாப்பா முதலில் ஆச்சரியப்பட்டாள். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

“அந்த மூஞ்சி வுழுந்துச்சாண்ணா? காட்டுங்கண்ணா!” அக்கா ஓடிவந்தாள். பின்னாலேயே நாலைந்து பேர். அவர் திரையை வெளியே விரித்து, படம் பார்க்கும் பட்டனை அழுத்தினார்.

தார்ச்சாலை. வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞன் பக்கவாட்டில் கிடந்தான். தூங்குகிறவன் கையை அப்படி மடக்கமாட்டான்.

சின்னராஜ் அண்ணன் உள்ளங்கையால் திரையைப் பொத்தினார். அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டிருந்தார்கள். அன்று விடிந்ததும் தொப்பூர் போயிருக்கிறார். வண்டி நம்பர் விழுந்திருக்கிறதா என்று எஸ்.ஐ. கேட்க, இரண்டாவது கார்டைத் திறந்து காட்டியிருக்கிறார். கிளம்பும்போது, எடுக்கும் படம் முதல் கார்டில் பதியும்படி மாற்றினார். திரையில் பார்க்கும் கார்டை மாற்ற மறந்துவிட்டார். இதையெல்லாம் பிறகுதான் சொன்னார். அப்போது அவர் வாயில் வந்தது இதுதான்:

“குளிச்சுட்டுத்தாங்க வந்தேன்.”

அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

“யாருண்ணா அது?” என்றாள் அக்கா மெதுவாக.

“இன்னும் தெரியலம்மா.”

அக்கா வீட்டுக்காரரின் அண்ணன் குப்புராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “நீ குளிச்ச, சரி. கேமராவக் குளிப்பாட்டுனியா?”

இரண்டு பேர் சிரித்துவிட்டு, குப்புராஜின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

“ஒரு காது குத்தியாச்சு. இன்னொண்ணு பாக்கி நிக்குது. பொணத்தப் பாத்த கண்ணுல எங்க புள்ளயப் பாக்கறியே, நாயமாப்பா?”

“போன்லயே எடுத்துக்கலாம். அவர அனுப்பிடுங்க” என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

அங்கே நின்றவர்கள்தான் அவருடைய அடுத்த வளைகாப்பு, அடுத்த கல்யாணம். இப்படியே வெளியே போனால் இனி அவரைத் தொப்பூர் மட்டும்தான் கூப்பிடும். அவர் எழுந்திருக்கவில்லை.

“என்ன பண்ணணும், சொல்லுங்க.”

குப்புராஜ் சொம்பில் மஞ்சள் தண்ணீரும் ஒரு வேப்பங்கொத்தும் கொண்டுவந்தார். “நீட்டு.”

சின்னராஜ் அண்ணன் கழுத்திலிருந்து வாரைக் கழற்றி, லென்ஸை மூடி போட்டு மூடினார். சாரல் தாங்கும் என்று கம்பெனிக்காரன் சொன்ன கேமராதான். லென்ஸுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை.

“மூடிய எடுப்பா. கண்ணுதான பாத்துச்சு?”

அவர் என்னைப் பார்த்தார். நான் பாப்பாவின் பாதத்தைப் பார்த்தேன். மூடியைக் கழற்றிவிட்டு, கேமராவை இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டினார். தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம் கண்ணை மூடியது கேமரா அல்ல, அவர்தான். கண்ணாடியின் மேல் ஒரு மஞ்சள் சொட்டு மெதுவாக இறங்கியது.

பையிலிருந்த துணியால் துடைத்தார். ஒரு மஞ்சள் படலம் தங்கிவிட்டது. மறுபடி மண்டியிட்டு பட்டனைப் பாதி அழுத்தினார். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடியது, முகத்தைப் பிடிக்கவில்லை. இன்னொரு தடவை. பிடிக்கவில்லை. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். குப்புராஜ் தொண்டையைச் செருமினார். சின்னராஜ் அண்ணன் லென்ஸின் பக்கத்திலிருந்த சிறிய பொத்தானைத் தள்ளி, இனி ஃபோகஸ் கையாலேயே என்று வளையத்தைத் திருகிப் பிடித்தார். நெற்றி வியர்வை மூக்கில் இறங்கியது.

“ம்… குத்துங்க ஆசாரி.”

பாப்பாவுக்கு இப்போது விஷயம் தெரிந்துவிட்டது. ஊசி படுவதற்கு முன்பே அழுதாள். கேமரா படபடவென்று அடித்து ஓய்ந்தது.

குழந்தையை அக்காவிடம் கொடுத்தேன். எல்லா விசேஷத்திலும் அந்தத் திரையை ஈ மாதிரி மொய்ப்பார்கள். அன்று காட்டுங்க என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அக்கா ஒரு எட்டு எடுத்து வைத்தாள். பிறகு பாப்பாவின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு பந்தியின் பக்கம் போனாள். சின்னராஜ் அண்ணனும் படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. விரித்திருந்த திரையை மடக்கி, அதன் முகம் உள்ளே போகும்படி கேமராவின் முதுகோடு சாத்தினார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார்.

“பந்தியப் படம் எடுக்கட்டுங்களா?” என்று குப்புராஜிடம் கேட்டார், தரையைப் பார்த்தபடி.