பலாமரத்தடியில் கரடி

கொல்லிமலையில் கரடி நடமாட்டம் தெரிந்தால் ஊரை எச்சரிக்கும் செல்போன் செயலி நான் உருவாக்கியது. அன்று புது லேப்டாப்பில் அதற்கான மென்பொருள்களை நிறுவினேன். சோம்பலில் பழைய செட்டிங்ஸ் ஃபைலை அப்படியே காப்பி செய்துவிட்டு, சோதனைக்காக ‘பலாமரத்தடியில் கரடி’ என்று தட்டினேன்.

லேப்டாப் திரையில் சோதனைக்காக ஓடிய போலி போன் அலறியது. அடுத்து என் சட்டைப்பை. பிறகு பக்கத்து வீடு. அந்த ஃபைலில் இருந்தது ஊருக்கே செய்தி அனுப்பும் நிஜ சர்வரின் முகவரி!

பக்கத்து வீட்டு அண்ணன் போனோடு பலாக்காய் வெட்டப் போயிருந்தார். மறுப்பு அனுப்புவதற்குள் சிக்னல் போய்விட்டது. பனிமூட்டத்துக்குள் ஓடினேன்.

பலாமரத்தின் உச்சிக்கிளையைக் கட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் கத்தினார்: “கிட்ட வராத கண்ணு! கீழ கரடி இருக்குதாம், ஓடிப்போயிரு!”

“போயிருச்சுங்கண்ணா, எறங்குங்க” என்றேன்.

அந்தச் செய்தியை அனுப்பியவன் நான்தான் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.