எந்த ஊர்ப் பேப்பரில் தேடுவது?

போன வருடம் மே மாதம் நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். நம்மவர்கள் நிறைந்த எடிசன் நகரத்திலிருந்து நன்றாகத் தெற்கே தள்ளிய ஊர். கறிவேப்பிலை வாங்கவே ஒரு மணி நேரம் காரில் போகணும். எனக்குக் கிடைத்த ஒரே துணை, பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது. அதனால் எங்களுக்குள் சண்டையே வரவில்லை.

அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவருடைய தாத்தாவின் தாத்தாவுக்கு ஒரு தங்கை. அவள் வேறு சபைக்காரனைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விட்டாள். குவேக்கர் சபை அவளைத் தள்ளி வைத்துவிட்டது. "செய்தது தப்பு" என்று எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். அவள் கடைசி வரை எழுதவில்லை. எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

"எங்க வீட்டுப் பொண்ணு சாகும்போது எங்க ஆளுங்க யாராவது போனாங்களா? அதை மட்டும் தெரிஞ்சுக்கணும்னு கேக்கறாங்கம்மா" என்றாள் மகள்.

எங்கள் பக்கம் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வந்ததா என்றுதானே ஊரே பார்க்கும்? இந்த ஊரிலும் அதே கவலைதான் போலிருக்கிறது என்று எனக்கு ஆச்சரியம்.

தேடுவதற்கு வழி, அந்தக் காலத்து உள்ளூர்ப் பேப்பர்களில் வந்த கல்யாண, மரண அறிவிப்புகள். நூலகத்தில் அவற்றைப் படம் பிடித்துச் சுருளாக வைத்திருக்கிறார்கள். எந்த ஊர்ப் பேப்பர் என்று யோசித்தபோது நான்தான் முந்திக்கொண்டேன்.

"இதுல யோசிக்க என்னடி இருக்கு? கட்டிக் குடுத்தவ செத்தா புருஷன் ஊர்லதான எடுப்பாங்க? அங்க பாக்கச் சொல்லு."

நான் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேனே என்று அந்த அம்மாளும் தலையாட்டினார். மகளுக்கு லீவு கிடைத்த நாளெல்லாம் மூன்று பேரும் போனோம். அவர்கள் படிப்பார்கள். நான் சும்மா இருப்பேனா?

"செத்தவ எங்கயும் ஓடிப் போக மாட்டா, மெதுவாத் தேடச் சொல்லு."

"அம்மா, இதையெல்லாம் நான் டிரான்ஸ்லேட் பண்ண மாட்டேன். கொஞ்சம் சும்மா இரும்மா."

கோடை முழுக்கத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. புருஷன் செத்த செய்தி இருந்தது. அவள் செத்த செய்தி இல்லை. அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ரெண்டு வரி போடக்கூட ஆள் இல்லாமப் போயிட்டான்னு சொல்றாங்கம்மா" என்றாள் மகள்.

கிளம்புவதற்கு முன், வந்ததற்குத் தன் தாத்தாவின் தாத்தா மரண அறிவிப்பையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொந்த ஊர்ப் பேப்பரின் சுருளைப் போட்டார். ஓட்டிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார். மகள் எட்டிப் பார்த்து எனக்குப் படித்துச் சொன்னாள். அந்தத் தங்கையின் புருஷன் பெயரைப் போட்டு, இன்னாருடைய விதவை காலமானார். ஐந்தாம் நாள் காலை, அவருடைய அண்ணன் வீட்டிலிருந்து உடல் எடுத்துச் செல்லப்படும்.

"அஞ்சு நாளா போட்டு வச்சிருந்தாங்க?" என்றேன்.

"இல்லம்மா. குவேக்கர்ஸ் கிழமைக்குப் பேர் சொல்ல மாட்டாங்க, நம்பர்தானாம். அஞ்சாம் நாள்னா வியாழன். புருஷன் வீட்டு ஆளுங்க அப்படி எழுத மாட்டாங்க. ஸோ, பேப்பர்ல போட்டது அண்ணன்தான்னு ஆன்ட்டி சொல்றாங்க."

சபை தள்ளி வைத்த தங்கையை, ஒரு மன்னிப்புச் சீட்டும் கேட்காமல், அண்ணன் தன் வீட்டில் வைத்திருந்திருக்கிறான். நானோ இத்தனை நாளும் அவளைப் புருஷன் ஊரிலேயே தேட வைத்திருக்கிறேன்.

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எழுந்தேன். மகள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "பேசாம உக்கார்றதுதான் இவங்களுக்கு ப்ரேயர்." வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததே இல்லை.

இப்போது எங்கள் தெருவில் எவளாவது கட்டிக் கொடுத்த இடத்தில் தனியாக நிற்கிறாள் என்று பேச்சு வந்தால், புருஷன் என்ன சொல்கிறான் என்று நான் கேட்பதில்லை. அண்ணன் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.